லாட்ஜ் வைத்தியரை நம்பி விரலை இழப்பதா?

"வாதம், சொரியாசிஸ் அடியோடு தீரும்! ஒரு நாள் மட்டும் முகாம்!"

சென்னையில் பஸ் நிலையச் சுவரிலும் மின்சார ரயில் பெட்டியிலும் இப்படி நோட்டீசு ஒட்டுகிறார்கள். போய்ப் பார்த்தால் லாட்ஜ் ரூம்! பேர் மட்டும் "ஆயுர்வேதம்"!

தோல் செதில் செதிலாக உதிரும் நோய் சொரியாசிஸ். அது வந்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை மூட்டு வாதமும் வரலாம். நகத்தில் குழி விழும். விரல் முழுசும் வீங்கும். காலையில் எழுந்தால் கை மடங்காது. ஆனால் இது ஒட்டுவாரொட்டி அல்ல.

கைராசியா? கலப்படமா?

தையல் மிஷின் மிதித்துப் பிழைக்கிறவருக்கு இது வந்தால்? விரல்தான் அவருக்குச் சோறு. லாட்ஜுக்கு ஓடுகிறார். லேபிள் இல்லாத பொடியை வாங்குகிறார். மறுநாளே வலி பறந்துவிடுகிறது. "கைராசி வைத்தியர்" என்கிறார்.

ஆபத்தே அங்கேதான்! பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி சட்டென்று அடங்கும். திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் பொங்கிக் கிளம்பும். அதற்குள் மூட்டு அரித்துப்போகும். அரித்த மூட்டு பழையபடி ஆகாது.

இன்டர்நெட்டில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். 5-ல் ஒன்றில் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது!

படித்தவர் வேறு, போலி வேறு

ஆயுர்வேதத்தின் மீது பழி போடவில்லை. ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்கள் இருக்கிறார்கள். எண்ணெய், பத்தியம், பேதி என்று அவர்கள் வைத்தியம் பார்க்கட்டும். பொறுப்பான டாக்டர் என்றால், "இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிப் போடு" என்று சொல்லமாட்டார். "ரத்தத்தைச் சோதித்துக்கோ, மூட்டு டாக்டரையும் பாரு" என்றுதான் சொல்வார்.

அரசு பொது ஆஸ்பத்திரியில் மூட்டு வாதத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவ ஆஸ்பத்திரி இருக்கிறது. இதை விட்டுவிட்டு லாட்ஜ் படி ஏறுவானேன்?

சட்டம் தூங்கலாமா?

வாதத்தைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. பிடிப்பதுதான் பாக்கி.

நோட்டீசில் லாட்ஜ் பேர், ரூம் நம்பர், தேதி எல்லாம் அச்சடித்தே கொடுக்கிறார்கள். துப்பு துலக்கும் வேலைகூட இல்லை!

அதிகாரிகள் ஒரு நாள் அந்தக் கதவைத் தட்டுவார்களா?