பளபளப்பு என்னும் பொய்

பழைய கார்களுக்கு மெருகு ஏற்றுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. அவர்கள் காரைக் காப்பாற்றுகிறார்களா, அல்லது அதில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறார்களா என்பதுதான் அந்த வழக்கு.

கதை எழுதுகிறவனுக்குக் காரோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன்தான் அதைப் பற்றிப் பேசலாம் என்றால், ராஜாவாக இருந்தவன்தான் சரித்திர நாவல் எழுதலாம். தவிரவும், இது காரைப் பற்றிய சண்டை மட்டும் அல்ல. பழைய பொருள் ஒன்று நம் கைக்கு வந்தால் அதை என்ன செய்ய நமக்கு உரிமை உண்டு என்பதைப் பற்றிய சண்டை.

உதாரணத்துக்கு 1957-ம் வருஷத்துச் செவர்லே பெல் ஏர் காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பழைய கார் என்றதும் பலருடைய கண்ணுக்கு முன்னால் முதலில் வந்து நிற்பது அதுதான். பின்புறம் மீனின் துடுப்பைப் போல் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும். அந்தப் பின்பக்கத்துச் சரிவில், இரண்டு பீடிங் பட்டைகளுக்கு நடுவே, வரி வரியாக அழுத்திய அலுமினியத் தகடு ஒன்று பதித்திருப்பார்கள். முகப்புக் கிராதியும் அலுமினியந்தான். அதற்குப் பொன்னிறம் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பக்கத் தகடு கண்ணாடியாக மின்னுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. பட்டுச்சேலையின் மடிப்பில் வெளிச்சம் விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி அடங்கி ஒளிர்வதற்காகச் செய்யப்பட்டது.

இன்று கண்காட்சிகளுக்கு வரும் பெல் ஏர்களில் பலவற்றைப் பாருங்கள். அந்தத் தகட்டில் தலை வாரிக்கொள்ளலாம்! சொந்தக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "புத்தம் புதுசு மாதிரி கொண்டுவந்துவிட்டேன்" என்கிறார். இல்லை ஐயா. புதுசாக இருந்தபோது அது இப்படி இருந்ததே இல்லை. நீங்கள் கொண்டுவந்தது பழைய புதுசு அல்ல. ஒருநாளும் இல்லாத புதுசு.

இந்தக் குற்றத்தின் கனம் தெரிய வேண்டுமானால், அலுமினியத்தின் குணம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஒரு காலத்தில் அது அபூர்வ உலோகம். 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைப்பதற்கு அமெரிக்கர்கள் தேர்ந்தெடுத்தது பொன் அல்ல, அலுமினியம். இரண்டு வருஷம் கழித்து, 1886-ல், அமெரிக்காவில் ஹால் என்ற இளைஞரும் பிரான்சில் ஏரூ என்ற இளைஞரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அதை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ராஜ உலோகம் சட்டிப் பானையாகிவிட்டது.

அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதுமே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று தானாக மூடிக்கொள்ளும். அந்தத் தோலை மின்சாரத்தின் உதவியால் வேண்டுமென்றே தடிப்பாக வளர்ப்பதற்குப் பெயர் அனோடைசிங். 1923-ல் இங்கிலாந்தில், கடல் விமானங்களின் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காப்பதற்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பிறகு கந்தக அமிலத்தில் செய்யும் முறை வந்தது. இது மேலே பூசிய வர்ணம் அல்ல. உலோகமே மாறித் தோலாக வளர்ந்தது. மாணிக்கமும் நீலமும் எந்த வஸ்துவோ, அடிப்படையில் அதே வஸ்துதான் இதுவும். ஆகவே கடினமானது. ஆனால் கனமோ தலைமயிரின் கனத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. பெல் ஏரின் கிராதியில் உள்ள பொன்னிறம், இந்தத் தோலில் இருக்கும் நுண்ணிய துளைகளுக்குள் சாயத்தை இறக்கி, பிறகு துளைகளை மூடிவிடுவதால் வருவது.

இப்போது நம் மெருகுக்காரர் வருகிறார். தகடு மங்கியிருக்கிறது. டப்பாவில் விற்கும் பாலிஷைப் போட்டுத் தேய்க்கிறார். மின்னவில்லை. மின்னாது, தோல் உலோகத்தைவிடக் கடினம், அதுவே வெளுத்துப்போயிருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் துலக்கிய சாஸ்திரம் இங்கே செல்லாது. உடனே அவருக்குக் கோபம் வருகிறது. காஸ்டிக் சோடாவை எடுக்கிறார். தோல் நுரைத்துக் கழன்று போகிறது. இரண்டு நிமிஷம் அதிகமாக விட்டால் அடியில் உள்ள உலோகத்தையும் தின்றுவிடும். பொன்னிறம் இருந்தால் அதுவும் சாக்கடைக்குப் போகிறது. அப்புறம் 400-ம் நம்பர் உப்புத்தாள், 600, 1000, 1500. பிறகு மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரம். சக்கரத்துக்கு மேடு பள்ளம் என்ற பேதம் கிடையாது. வரிகளின் முனை மழுங்குகிறது. பட்டையின் கூரான விளிம்பு சோப்புக்கட்டியின் விளிம்பாகிறது. பளபளப்பு வந்துவிட்டது, எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

அதோடும் முடியவில்லை. தோல் போன அலுமினியம் நிர்வாண உலோகம். சில மாதத்தில் மங்கும். மறுபடியும் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் துணியில் கறுப்பாக வந்து சேர்கிறது. அந்தக் கறுப்பு அழுக்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது அழுக்கல்ல, காரின் சதை.

இங்கே ஓர் ஆக்ஷேபம் வரும்: "அப்படியானால் அரித்து ஓட்டை விழுந்த தகட்டையும் தொடக் கூடாதா? கார் என்ன கோயில் சிலையா?" நியாயமான கேள்வி. அமெரிக்காவின் வடபகுதியில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பும், அலுமினியத்தைப் பிடித்திருக்கும் இரும்பு ஸ்குரூவும் சேர்ந்து தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். அப்படிக் கெட்டதைக் கெட்டபடியே வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. தோலைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் கழற்றட்டும். டொக்கு விழுந்த இடத்தை உள்ளிருந்து சிறு சுத்தியலால் பொறுமையாக எடுக்கட்டும். எந்த அளவுக்குத் தேய்க்க வேண்டுமோ அந்த அளவோடு நிறுத்தட்டும். பிறகு அனோடைசிங் பட்டறைக்கு அனுப்பி, போன தோலைத் திரும்ப வளர்த்து, பழைய நிறத்தையும் பழைய அடக்கத்தையும் கொண்டுவரட்டும். செலவும் அலைச்சலும் அதிகம்; முகம் தெரியாது; கை தட்டலும் குறைவு. அதனால்தான் பலர் செய்வதில்லை.

பெரும்பாலான கார்களுக்கு இவ்வளவுகூட வேண்டியதில்லை. தோல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. அந்தத் தோல் மின்சாரத்தை விடாது. மின்வேலைக்காரரின் மீட்டரில் உள்ள இரண்டு முனைகளையும் தகட்டின் மேல் மெல்ல வைத்தால் தெரிந்துவிடும். மின்சாரம் பாயவில்லையென்றால் தோல் இருக்கிறது. சாதாரண சோப்புத் தண்ணீர், மிருதுவான துணி, கடைசியில் கொஞ்சம் மெழுகு; இதற்கு மேல் அதைத் தொந்தரவு செய்ய ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொரு ஆக்ஷேபம்: "என் கார், என் பணம், என் இஷ்டம்." வாஸ்தவம். சட்டப்படி அவர் அதை நசுக்கிப் பழைய இரும்புக்கும் போடலாம். நான் கேட்பது அவர் சட்டத்தை அல்ல, அவர் வாயில் வரும் வார்த்தையை. 'அலங்காரம் செய்தேன்' என்று சொன்னால் எனக்கு வழக்கே இல்லை. 'பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன்' என்கிறாரே, அதுதான் பொய். பாட்டியின் போட்டோவுக்கு உதட்டுச் சாயம் பூசிவிட்டு, 'எங்கள் பாட்டி இப்படித்தான் இருந்தாள்' என்று பேரனுக்குக் காட்டுவதற்கு ஒப்பானது.

இது ஏதோ தமிழ் எழுத்தாளன் ஒருவனின் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமான ஃபீவா, 2013-ல் வெளியிட்ட டூரின் சாசனத்தில் இருப்பதைக் காப்பதற்கே முதல் இடம் கொடுத்திருக்கிறது. எதை மாற்றினாலும் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. பழைய கட்டடங்களுக்காக 1964-ல் எழுதிய வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுந்தது அது. அமெரிக்காவில் 1974-ல் தோன்றிய கார்வெட் புனருத்தாரணச் சங்கத்தார், கார் தொழிற்சாலையை விட்டு எப்படி வெளியே வந்ததோ அப்படி இருக்கிறதா என்றுதான் மதிப்பெண் போடுகிறார்கள். அதைவிட அழகாக இருந்தால் அது சிறப்பல்ல, பிசகு! பெபிள் பீச்சில் 1950 முதல் நடந்துவரும் பெரிய கண்காட்சியிலும், திருத்தப்படாமல் பிழைத்து வந்த கார்களுக்கென்று இன்று தனி வகுப்பு இருக்கிறது.

இந்த மனிதர்கள் காப்பாற்ற நினைப்பது அலுமினியத்தை மட்டும் அல்ல. அந்தத் தகட்டை அழுத்திய அச்சு, அவசரத்தில் கொஞ்சம் கோணலாகப் பொருத்திய கை, காலை ஷிஃப்டில் வந்த தொழிலாளி, எதிர்காலம் என்றால் பளிச்சென்று இருக்கும் என்று நம்பிய அந்தத் தலைமுறை. எல்லாவற்றுக்கும் மிஞ்சிய சாட்சி அந்த மெல்லிய தோல்தான். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. துணிச் சக்கரம் ஒரு மாலைப் பொழுதில் அந்தச் சாட்சியைத் துடைத்துவிடுகிறது. ஒரு தடவை போனால் அது திரும்பாது. மங்கிய தகட்டை என்றைக்கு வேண்டுமானாலும் மெருகேற்றலாம். மெருகேற்றிய தகட்டை ஒருநாளும் பழையபடி ஆக்க முடியாது. சந்தேகம் இருக்கிறவன் சும்மா இருப்பது மேல் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஆகவே, இனிமேல் எந்தக் கண்காட்சியிலாவது முகம் தெரிகிற பழைய காரைப் பார்த்தால், உடனே "ஆஹா" என்று சொல்லிவிடாதீர்கள். "இது முதலில் எப்படி இருந்தது?" என்று சொந்தக்காரரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷத்தோடு அரைமணி நேரம் பதில் சொல்வார். தெரியாதவர் பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பிப்பார்.