காலம் சரியில்லையா, கணக்கு சரியில்லையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் கேம்ஸ் விளையாடுவார்கள், படம் பார்ப்பார்கள். இரண்டாவது மாதம் ஒரு கேள்வி வரும். "இதை வைத்து ஏதாவது சம்பாதிக்க முடியுமா?" கண்டிப்பாக முடியும். டிடிபி, போட்டோ பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் குடும்பம் நடத்துபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதே வேலையைச் செய்து கடனாளி ஆனவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் நாகப்பட்டினம் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் வேளாங்கண்ணியில் டிஜிட்டல் ஸ்டுடியோ வைத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு ஊர் மெல்ல எழுந்து கொண்டிருந்த 2006-ம் வருடம் அது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு போட்டோ பிரிண்டர். அவ்வளவுதான் முதலீடு. கடற்கரையில் குடும்பத்தோடு நிற்பவர்களைப் படம் எடுத்து, அவர்கள் சாப்பிட்டு வருவதற்குள் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்து விடுவார்.

ஆகஸ்ட் 29-ந் தேதி கொடியேறினால் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி தாங்காது. அந்த நாட்களில் அண்ணன் கடையில் பிரிண்டர் ஓயவே இல்லை. திருவிழா முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் பெரிய பிரிண்டர் ஒன்று போடலாமா?" என்று கேட்டார். "தாராளமாகப் போடுங்கள் அண்ணே" என்று சொன்னவன் நான்தான். தவணையில் பிரிண்டர் வந்தது. ஐப்பசி மழையும் வந்தது. கடற்கரையில் ஆள் இல்லை, தவணை மட்டும் தவறாமல் வந்தது. அடுத்த சில வருடங்களில் ஆளுக்கு ஒரு கேமரா போன் வந்துவிட்டது. கடை மூடப்பட்டது. "காலம் சரியில்லை தம்பி" என்றார் அண்ணன்.

காலம் சரியில்லை என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மை.

ஒரே புயல், இரண்டு கப்பல்கள்

அண்ணன் கடைக்கு வந்த அதே சோதனை உலகத்தின் மிகப் பெரிய போட்டோ கம்பெனிகளுக்கும் வந்தது. பிலிம் ரோல் காலத்தில் இரண்டு பெயர்கள்தான் கொடி கட்டிப் பறந்தன. ஒன்று அமெரிக்காவின் கோடக், மற்றொன்று ஜப்பானின் பியூஜி பிலிம்.

டிஜிட்டல் கேமராவை 1975-லேயே செய்து பார்த்தது கோடக்தான். அங்கு வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன் என்ற இளம் இன்ஜினியர் அதைச் செய்தார். எதிர்காலம் அவர்கள் கையிலேயே இருந்தது. ஆனால் லாபம் முழுவதும் பிலிமில் இருந்ததால், அந்த லாபத்தைத் தானே கெடுத்துக் கொள்ள நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. பின்னாளில் டிஜிட்டல் கேமராக்களையும் விற்றார்கள், ஆனால் பிலிமில் கிடைத்த லாபம் அதில் கிடைக்கவில்லை. 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

பியூஜிக்கும் அதே பிலிம், அதே சரிவு. அவர்கள் என்ன செய்தார்கள்? "நமக்குத் தெரிந்த தொழில் பிலிம் விற்பதா, ரசாயனமா?" என்று கேட்டுக் கொண்டார்கள். பிலிம் செய்யும் திறமையை எல்சிடி திரைகளுக்கான மெல்லிய படலம் செய்யத் திருப்பினார்கள். படம் வெளுக்காமல் காக்கும் ரசாயன அறிவைக் கொண்டு 2007-ல் முகத்துக்குப் பூசும் கிரீம் வரை விற்றார்கள். மருந்துத் தொழிலில் இறங்கினார்கள். வலியில்லாமல் இது நடக்கவில்லை, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆனால் கம்பெனி பிழைத்தது. காலம் இருவருக்கும் ஒன்றுதான். முடிவுகள்தான் வேறு.

ஸ்ரீபெரும்புதூர் சொல்லும் பாடம்

பிலிமை ஓரங்கட்டிய கேமரா போன்களில் நம் ஊரில் அதிகம் புழங்கியது நோக்கியா. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நல்ல நாட்களில் சுமார் 8 ஆயிரம் பேர் அங்கு நேரடியாக வேலை பார்த்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போன இளம் பெண்கள் அதில் ஏராளம்.

2007-ல் ஐபோன் வந்தது, அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு போன் வந்தது. நோக்கியா தன் சிம்பியனை விட்டு வெளியே வரத் தாமதித்தது. 2011-ல் ஆண்ட்ராய்டை ஒதுக்கி விண்டோஸ் போன் பக்கம் போனது. 2013-ல் போன் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. அதே வருடம் இங்கு வருமான வரிப் பிரச்சினையில் தொழிற்சாலைச் சொத்து முடக்கப்பட்டதால், இந்த ஆலை அந்த விற்பனையில் சேர முடியவில்லை. 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது.

பின்லாந்தில் எடுத்த முடிவுக்கும் இங்கு எழுந்த வரி வழக்குக்கும் சேர்த்து விலை கொடுத்தவர்கள், அந்த முடிவுகள் எதிலும் பங்கு இல்லாத தொழிலாளர்கள். பெரிய கம்பெனியில் முடிவு ஒருவருடையது, நஷ்டம் இன்னொருவருடையது. உங்கள் கடையில் அப்படி இல்லை. முடிவும் உங்களுடையது, நஷ்டமும் உங்களுடையது. அதனால்தான் கணக்கு முக்கியம்.

எக்செலைத் திறங்கள்

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வேலை கொடுப்போம். எக்செல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஒரு சிறிய போட்டோ கடையை எடுத்துக் கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்காக நானே போட்டவை. உங்கள் ஊர் கணக்கை நீங்கள் போட்டுக் கொள்ளுங்கள்.

மாத வாடகை 4,000 ரூபாய், கரண்ட் 2,000, இன்டர்நெட் 800, பிரிண்டர் தவணை 5,200. இவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்து ஆட்டோசம் கொடுங்கள். 12,000 என்று வரும். ஒரு படம்கூட விற்காவிட்டாலும் இந்தப் பணம் போயே தீரும். இதுதான் நிலையான செலவு.

ஒரு படத்தை 20 ரூபாய்க்கு விற்கிறீர்கள். பேப்பரும் இங்கும் 8 ரூபாய். கையில் நிற்பது 12 ரூபாய். 12,000-ஐ 12-ஆல் வகுத்தால் 1,000. மாதம் ஆயிரம் படம் விற்றால்தான் அசல் கைக்கு வரும். உங்கள் லாபம் ஆயிரத்து ஒன்றாவது படத்தில்தான் தொடங்குகிறது.

இப்போது எதிரே ஒரு கடை வருகிறது. விலையை 15 ரூபாயாக இறக்க வேண்டிய நிலை. செல்லில் 20-ஐ அழித்து 15 என்று டைப் செய்யுங்கள். கையில் நிற்பது 7 ரூபாய் ஆகிவிடும். இனி மாதம் 1,715 படம் விற்க வேண்டும். குறைந்தது 5 ரூபாய்தான், ஆனால் கூடுதலாக 715 பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும்!

கடைசியாக ஒன்று செய்யுங்கள். தவணை 5,200-ஐ அழித்துப் பூஜ்யம் போடுங்கள். விலை அதே 15 ரூபாய்தான். இப்போது 972 படம் விற்றாலே செலவு கட்டி வந்துவிடும்.

விலையை இறக்கியது சந்தை. தவணையை ஏற்றியது நாம். அண்ணன் கடையை மூட வைத்தது கேமரா போன் மட்டும் அல்ல, திருவிழா நாட்களை வைத்து வருடம் முழுவதற்கும் நாங்கள் போட்ட தப்புக் கணக்கும்தான். அன்று இந்த நாலு வரியை நான் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

இரண்டு கால்கள் வேண்டும்

எங்கள் பகுதியில் பணம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று யாத்திரிகர்கள் கொண்டு வருவது. மற்றொன்று நெல் கொண்டு வருவது. மேட்டூர் திறந்து, சம்பா நன்றாக விளைந்தால் தை மாதத்துக்குப் பிறகு கிராமங்களில் கல்யாணம், காதுகுத்து, வீட்டு வேலை எல்லாம் நடக்கும். தண்ணீர் வராவிட்டால் எல்லாம் தள்ளிப் போகும். அண்ணன் கடைக்கு நாலு கடை தள்ளி ஒருவர் இதே தொழில் செய்தார். அவர் திருவிழாவில் கடற்கரைப் படம் எடுத்தார், மற்ற மாதங்களில் சுற்றுக் கிராமங்களுக்குக் கல்யாண ஆல்பம், பள்ளிகளுக்கு அடையாள அட்டை என்று போனார். பெரிய பிரிண்டர் வாங்கவில்லை. இன்றும் கடை நடக்கிறது.

எல்லாமே நம் முடிவுதான் என்று சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26-ந் தேதி கடலோரக் கடைகளைக் கடல் துடைத்துக் கொண்டு போனது. 2020-ல் கொரோனாவால் பக்தர்கள் இல்லாமலே திருவிழா நடந்தது. அந்தக் கடைக்காரர்களிடம் போய் "நிர்வாகம் சரியில்லை" என்று சொல்வது பாவம்.

ஆனால் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். கரண்ட் போவது நம் கையில் இல்லை. மூன்று மணி நேரம் சேவ் செய்யாமல் டைப் செய்தது நம் கையில்தான் இருந்தது. தொழிலில் சேவ் என்பது மூன்று மாதச் செலவுக்கான பணம் தனியாக இருப்பது. பேக்கப் என்பது இரண்டாவது வருமானம்.

ஆகவே வாசகர்களே, கடை போடுங்கள், தயங்க வேண்டாம். முதலில் ஒரு ஒர்க்ஷீட் போடுங்கள். அதில் நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். ஐப்பசி மழையில், கடற்கரையில் ஆள் இல்லாத மாதத்தை வைத்துப் பாருங்கள். அதிலும் கடை நிற்கும் என்று எண்கள் சொன்னால், அதற்குப் பிறகு தைரியமாகப் பெயர்ப் பலகைக்கு ஆர்டர் கொடுக்கலாம்.