கண்மாயைத் தூர்வாரக் கோடிகள் உண்டு... பராமரிக்க யார் பணம் தருவது?

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்று எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் கண்மாய்க் கரையில் ஓர் அறிவிப்புப் பலகையைப் பார்க்கலாம். திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, நிதியாண்டு எல்லாம் எழுதியிருக்கும். பல இடங்களில் அந்தப் பலகைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நிற்கும். பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அந்தப் பணமெல்லாம் எங்கப்பா போச்சு?”

சில இடங்களில் அது நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு ரூபாய்கூட வீணாகாமல் வேலை நடந்த கண்மாயிலும் நாலைந்து வருஷத்தில் இதே காட்சி திரும்ப வந்துவிடும். அதற்கான காரணம், நீர்நிலைகளுக்கு அரசு பணம் தரும் முறையிலேயே இருக்கிறது. மானியமாக வந்தாலும் சரி, கடனாக வந்தாலும் சரி, அது ஒரு தடவை செய்யும் வேலைக்கான பணம். கண்மாய் கேட்பதோ வருஷா வருஷம் கொஞ்சம் பணம், கொஞ்சம் ஆள்.

வானம் பார்த்த பூமி

விருதுநகரில் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அதில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிடும். வருஷத்தின் பெரும்பகுதி வெயில். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு இந்த வறண்ட வானிலைதான் முக்கியக் காரணம் என்பது ஊரறிந்த கதை. மருந்து காய வெயில் வேணும். ஆனால் பயிருக்கும் குடிநீருக்கும், கிடைக்கிற மூன்று மாத மழையைப் பிடித்து வைத்தாக வேண்டும்.

பிளவக்கல், வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, இருக்கன்குடி என்று மாவட்டத்தில் அணைகள் இருக்கின்றன. வெம்பக்கோட்டை அணைத் தண்ணீர் பாசனத்தோடு சிவகாசிக்குக் குடிநீராகவும் போகிறது. இருந்தும் பெரும்பாலான கிராமங்களுக்கு ஆதாரம் கண்மாய்தான். இவை தனித்தனிக் குளங்கள் கிடையாது. மேலே இருக்கும் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். நடுவில் ஒரு வரத்துக்கால்வாய் அடைபட்டால் கீழே இருக்கும் நாலு ஊருக்கும் தண்ணீர் இல்லை. ஒரு கண்மாயை மட்டும் பளிச்சென்று தூர்வாரி போட்டோ எடுத்தால் போதாது என்பது இதனால்தான்.

நிர்வாகத்திலும் ஒரு கோடு உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தண்ணீருக்கு இந்தக் கோடு தெரியாது. பணத்துக்கு நன்றாகவே தெரியும். சங்கிலியில் மேல் கண்மாய்க்கு ஒரு துறை நிதி ஒதுக்கும். கீழ் கண்மாய் இன்னொரு துறையின் பட்டியலில் காத்திருக்கும்.

சரி, பணம் எங்கிருந்து வருது?

முதலில் மானியம். பலருக்கும் தெரிந்தது, 2016-17இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம். முதல் கட்டத்தில் தமிழகம் முழுக்க 1,519 பணிகளுக்கு ரூ.100 கோடி. 2019-20இல் 1,829 பணிகளுக்கு ரூ.499.68 கோடி. கணக்குப் போட்டால், ஒரு பணிக்குச் சராசரியாக 6.5 லட்சமாக இருந்தது 27 லட்சமாக உயர்ந்திருக்கிறது. செலவில் 90 சதவீதம் அரசு தந்தது. மீதி 10 சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டியிருந்தது. வேலையும் டெண்டர் இல்லாமல் ஆயக்கட்டுதாரர் சங்கத்துக்கே கொடுக்கப்பட்டது.

1997இல் தி.மு.க. ஆட்சியில் அறிமுகமாகி 2021க்குப் பிறகு திரும்ப வந்த ‘நமக்கு நாமே’ திட்டத்திலும் மக்கள் பங்குத்தொகை உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த ‘அம்ரித் சரோவர்’, மாவட்டத்துக்கு 75 நீர்நிலைகள் என்று இலக்கு வைத்தது. ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு ஏக்கர் பரப்பு, 10,000 கன மீட்டர் கொள்ளளவு. ஆனால் இதற்கென்று தனி நிதி ஒதுக்கப்படவில்லை. 100 நாள் வேலை, நிதிக்குழு மானியம் போன்ற ஏற்கெனவே இருந்த கணக்குகளில் இருந்து சேர்த்துச் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. புதுப் பெயர், பழைய பணம்.

அடுத்தது கடன். நபார்டு வங்கியின் ஊரகக் கட்டமைப்பு வளர்ச்சி நிதி 1995-96 முதல் இருக்கிறது. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த இலக்கை எட்டாத வங்கிகளிடம் இருந்து திரளும் தொகைதான் இந்த நிதி. இதில் இருந்து மாநில அரசுகள் தடுப்பணை, கண்மாய்ச் சீரமைப்பு, கிராமச் சாலை போன்றவற்றுக்குக் கடன் வாங்குகின்றன. ஏழு ஆண்டில் திருப்பிக் கட்ட வேண்டும். முதல் இரண்டு ஆண்டு அசல் கட்ட வேண்டாம்.

இன்னும் பெரிய கடன் உலக வங்கியுடையது. 2007இல் தொடங்கிய பாசன நவீனமயத் திட்டம் முடிந்த பிறகு, 2017இல் இரண்டாவது திட்டத்துக்கு 31.8 கோடி டாலர் கடன் ஒப்பந்தமானது. மாநிலம் முழுக்க ஏறக்குறைய 4,800 கண்மாய், ஏரிகளைச் சீரமைப்பது நோக்கம். கடனின் மொத்தக் காலம் 19 ஆண்டுகள்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தமிழ்நாட்டில் மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அது தனி ஒருவரின் நிலத்துக்கானது. அந்த வீட்டில் பராமரிக்க ஆள் இருக்கிறார், தேவையும் இருக்கிறது. பொதுச் சொத்தான கண்மாயில்தான் சிக்கல்.

19 வருஷத் தவணை, நாலு வருஷக் கருவேலம்

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும், அதன் நெற்றைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்தில் விதை வந்து விழும். முதல் வருஷக் கன்றைப் பிடுங்க ஒரு ஆளும் மண்வெட்டியும் போதும். நாலாவது வருஷம் பொக்லைன் வேணும். மடையின் ஷட்டருக்குக் கிரீஸ் போடுவது, மழைக்கு முன்னால் கால்வாயில் அடைப்பு எடுப்பது, கரையில் ஏற்படும் அறுப்பை மண் போட்டு அடைப்பது எல்லாமே இந்த ரகம்தான். சில ஆயிரங்களில் முடியும் வேலையை விட்டுவிட்டு, பிறகு பல லட்சங்களுக்கு மதிப்பீடு போடுகிறோம்.

லட்ச ரூபாய் மதிப்பீட்டுக்கு அரசாணை இருக்கிறது, அளவைப் புத்தகம் இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க் கன்று பிடுங்கலுக்கு இவை எதுவும் கிடையாது. அதனால் அது யாருடைய வேலையாகவும் இல்லாமல் போகிறது. கருவேலம் மறுபடி மூடிய பிறகும் 19 வருஷக் கடனுக்கான தவணை மட்டும் மாநிலத்தின் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

நேரமும் ஒத்துப்போவதில்லை. கண்மாய் காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே, ஜூன்தான் தூர்வார ஏற்ற காலம். நிதியாண்டு பிறப்பதே ஏப்ரலில். மானியக் கோரிக்கை, அரசாணை, மதிப்பீடு, ஒப்புதல் எல்லாம் முடிந்து இயந்திரம் இறங்கும்போது ஆவணி தாண்டிவிட்டால், ஐப்பசி மழைக்கு முன்னால் அவசர அவசரமாகத்தான் வேலை நடக்கும். அவசரத்தில் கரை மண்ணை யார் அழுத்திச் சரிபார்ப்பார்கள்?

அந்த 10 சதவீதம் யாருடையது?

குடிமராமத்து என்ற சொல் பழசு. ஊரார் சேர்ந்து செய்யும் வேலை என்று பொருள். ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் ஆனந்தமாக மண்வெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள் என்ற கதையை அப்படியே நம்ப வேண்டாம். 1858இலேயே பிரிட்டிஷ் அரசு இதற்காக ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. உழைப்பின் சுமை பெரும்பாலும் யார் தலையில் விழுந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

இன்றைய நிலைமை வேறு. பட்டாசு வட்டாரக் கிராமங்களில் காலையில் ஆலை வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. வாரக் கூலி கையில் கிடைக்கும்போது, வருமோ வராதோ என்ற மழையை நம்பி நெல் போடுகிறவர் குறைவு. ஆயக்கட்டில் பாதி நிலம் தரிசாகக் கிடந்தால், கண்மாய்க்காகக் கவலைப்படும் குடும்பமும் பாதியாகிவிடும். அப்போது அந்த 10 சதவீதத்தை யார் போடுவது? இயந்திரம் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரே விவசாயிகள் பெயரில் கட்டிவிடுகிறார் என்ற குற்றச்சாட்டு குடிமராமத்து நடந்த ஆண்டுகளில் பரவலாக எழுந்தது. பங்குத்தொகை வந்துவிட்டது என்று கோப்பு சொல்லும். பங்கு உணர்வு வந்ததா என்று கோப்பில் பார்க்க முடியாது.

இத்தனை ஆலைகள் இருக்கின்றனவே, அவர்களிடம் வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இயற்கை வளப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ரூ.5 கோடி நிகர லாபம், ரூ.1,000 கோடி விற்றுமுதல், ரூ.500 கோடி நிகர மதிப்பு ஆகியவற்றில் ஒன்றையாவது தொட்ட கம்பெனிகளுக்கே இது கட்டாயம். சிவகாசியின் சிறு ஆலைகளும் கூட்டு நிறுவனங்களும் இதில் வராது. மனம் இருந்தால் தரலாம், சட்டம் கேட்காது.

ஊராட்சி? 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு என்றே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆனால் விருதுநகர் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. எந்தக் கால்வாயை முதலில் எடுப்பது என்று தலைவரைப் பிடித்துச் சண்டை போடும் வசதியும் அத்தோடு போச்சு.

கண்மாய் பேரில் ஒரு கணக்கு

கண்மாய்க்குச் சொந்த வருமானமே இல்லையா? இருக்கிறது. மீன்பாசி ஏலம் போகிறது. கருவேலம் வெட்ட ஏலம் போகிறது. கரிமூட்டம் போடுவோருக்கு அது தேவையான விறகு. இந்த ஏலப் பணம் பெரும்பாலும் துறைக் கணக்குக்கோ ஊராட்சியின் பொதுக் கணக்குக்கோ போகிறது. சம்பாதித்த கண்மாய்க்குத் திரும்ப வருவதற்கு உத்தரவாதம் இல்லை.

இதை மாற்ற முடியாது என்பதற்கில்லை. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான 2008ஆம் ஆண்டு பொது வழிகாட்டுதலில், தனியார் நிலத்தில் நடக்கும் வேலைக்கு உரிமையாளர் 10 சதவீதம் தர வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகள் என்றால் 5 சதவீதம். அந்தப் பணம் தனி நிதியாகச் சேர்ந்து, திட்டம் முடிந்த பிறகு பொதுச் சொத்துகளைப் பராமரிக்கப் பயன்பட வேண்டும் என்று விதி சொல்கிறது. கண்மாய்களில் வேலை செய்யும் மதுரையின் தானம் அறக்கட்டளை, ஆயக்கட்டு விவசாயிகளின் வயலகச் சங்கங்கள் வழியாக ஒரு வைப்புத்தொகை போட்டு, அதன் வட்டியில் கண்மாயைப் பராமரிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

அரசும் இதைச் செய்ய வேண்டும். 27 லட்சத்தில் வேலை நடந்தால் அதில் 2 லட்சத்தைச் செலவழிக்காமல் வங்கியில் அந்தக் கண்மாயின் பேரில் போட்டு வைக்கலாம். மீன் ஏலப் பணத்தில் ஒரு பங்கும் அங்கேயே சேரட்டும். 6 சதவீத வட்டி என்றால்கூட ஆண்டுக்கு ரூ.12 ஆயிரம் வரும். கன்று பிடுங்கவும் மடைக்குக் கிரீஸ் போடவும் அது போதும். வறட்சி வருஷத்தில் மீன் ஏலம் போகாது. அப்போதும் வட்டி வரும். தணிக்கைக்காரர்கள் ‘செலவழிக்காத நிதி’ என்று குறிப்பு எழுதுவார்கள் என்ற பயம் அதிகாரிகளுக்கு இருப்பது புரிகிறது. அதற்காகத்தான் அரசாணையிலேயே இடம் வேண்டும் என்கிறோம். மொத்தக் கண்மாய் எண்ணிக்கையில் பத்தில் ஒன்று குறைவாக எடுத்தாலும் பரவாயில்லை.

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து இதை போனில் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஊரில் உங்கள் பெயரில் ஆயக்கட்டு நிலம் இருந்தால், 2000ஆம் ஆண்டு பாசன முறை மேலாண்மைச் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு உண்டு. நிலம் தரிசாகக் கிடக்கிறதா, கண்மாயின் கரம்பை மண்ணை அடித்துப் போடலாம். 2024இல் விதி எளிதாகி, வண்டல் எடுக்கும் அனுமதியைத் தாசில்தாரே தருகிறார். கண்மாய் காய்ந்து கிடக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. மழை விழுந்துவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.