லண்டனின் கூரைத் தோட்டங்கள்: தயவா, உரிமையா?

ஜூன் மாதத்தில் லண்டனில் இரவு ஒன்பது மணி கடந்த பின்னரே சூரியன் மறைகின்றது. மாதக்கணக்கில் மேகத்துக்கும் குளிருக்கும் பழகிய அந்நகர மக்கள் அந்த நீண்ட மாலைப் பொழுதுகளை வீணாக்க விரும்புவதில்லை. நிலத்திலுள்ள பூங்காக்கள் நிரம்பிவிட, அவர்கள் கூரைகளுக்கு ஏறுகின்றனர். அலுவலகக் கோபுரங்களின் உச்சியிலும், கடைத்தொகுதிகளின் மேல்தளத்திலும், பழைய வாகனத் தரிப்பிடங்களின் மொட்டைமாடியிலும் தோட்டங்களும் மதுச்சாலைகளும் அமைந்துள்ளன. உறவினரைக் காணக் கோடை விடுமுறையில் லண்டன் செல்லும் நம்மவர்களும் இப்போது அங்கெல்லாம் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

அழகிய காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கு ஏறுகின்ற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம்மை உள்ளே விடுவது கட்டட உரிமையாளரின் தயவா, நாம் வாங்கும் பானமா, அல்லது சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையா? மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் நிலைத்து நிற்பது ஒன்றுதான்.

இதற்குக் கென்சிங்டன் கூரைத் தோட்டம் நல்ல உதாரணம். டெர்ரி அன்ட் டொம்ஸ் என்ற பல்பொருள் அங்காடியின் கூரையில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பில் 1938இல் அது திறக்கப்பட்டது. ஸ்பானியத் தோட்டம், டியூடர் காலப் பாணித் தோட்டம், ஓடையுடன் கூடிய ஆங்கிலேயச் சோலை என மூன்று பகுதிகள். பிற்காலத்தில் பூநாரைகளும் அங்கே உலாவின. ஆரம்ப காலத்தில் ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தி எவரும் ஏறலாம். அப்பணம் மருத்துவமனைகளுக்குச் சென்றது. அங்காடி மூடப்பட்டது, உரிமை கைமாறியது, 2018 ஜனவரியில் தோட்டத்தின் கதவும் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. மரநிழலில் நின்ற மனிதருக்கு இருக்கவில்லை.

லண்டன் நகரின் வணிக மையமான 'சிட்டி'யில் வேறொரு வழி கையாளப்பட்டது. பென்சேர்ச் வீதி 20ஆம் இலக்கக் கட்டடம் ஏனைய உயர்ந்த கட்டடங்களிலிருந்து விலகித் தனித்து நிற்பதால் பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. 2007இல் பொது விசாரணைக்குப் பின்னரே அனுமதி கிடைத்தது. உச்சியில் மக்களுக்கு இலவசத் தோட்டம் அமையும் என்ற வாக்குறுதி அந்த அனுமதிக்குத் துணைநின்ற வாதங்களுள் ஒன்று. கட்டி முடிக்கப்படும் முன்னரே, 2013 கோடையில், அதன் உட்குழிந்த கண்ணாடிச் சுவர் வெயிலைக் குவித்து வீதியில் நின்ற காரொன்றின் பாகங்களை உருக்கிவிட்டது. 2015 ஜனவரியில் 'ஸ்கை கார்டன்' திறக்கப்பட்டபோது மக்கள் கண்டது கண்ணாடிக் கூரையின் கீழ் செடிகளும், அவற்றின் நடுவே மதுச்சாலையும் உணவகங்களும். அனுமதி இலவசம்; ஆனால் முன்கூட்டியே இணையத்தில் பதிய வேண்டும்; விமான நிலையத்தில் போன்ற சோதனையும் உண்டு. இதைப் பூங்கா என்று அழைக்கலாமா என விமர்சகர்கள் கேட்டது நியாயமே.

அதே வீதியில், சில நிமிட நடைதூரத்தில், 120ஆம் இலக்கக் கட்டடத்தின் கூரைத் தோட்டம் 2019இல் திறக்கப்பட்டது. பதினைந்தாம் மாடியில் திறந்த வானம், கொடிப்பந்தல், நீர்த்தடாகம், அமர இருக்கைகள். முன்பதிவு தேவையில்லை, எதையும் வாங்க வேண்டியதுமில்லை. 2023இல் பிஷப்ஸ்கேட் 22ஆம் இலக்கக் கோபுரத்தின் 58ஆம் மாடியிலும் இலவசக் காட்சித்தளம் திறக்கப்பட்டது. தேம்ஸ் நதிக்கு அப்பாலுள்ள 'ஷார்ட்' கோபுரத்தின் காட்சித்தளத்துக்கோ கட்டணம் செலுத்த வேண்டும். அனுமதி வழங்கும்போது ஆட்சியாளர் எதைக் கேட்டுப் பெறுகின்றனர் என்பதே இந்த வேறுபாட்டின் மூலம்.

பென்சேர்ச் வீதியிலிருந்து பிரியும் மின்சிங் லேன் இலங்கையருக்கு அந்நியமானதன்று. உலகத் தேயிலை வணிகத்தின் தலைமையிடமாக நெடுங்காலம் விளங்கிய சிறு வீதி அது. மலையகத் தமிழ்த் தொழிலாளர் பறித்த கொழுந்து பெட்டிகளில் கப்பலேறி அந்த வட்டாரத்திலே ஏலம் போனது. லண்டன் தேயிலை ஏலம் 1998இல் முடிவுக்கு வந்தது. 120ஆம் இலக்கக் கட்டடத்தின் அருகே, அடிமை வணிக ஒழிப்பை நினைவுகூரும் சிற்பத்தொகுதியொன்று கரும்புத் தண்டுகளை ஒத்த கற்றூண்களாக நிற்கின்றது. 2008இல் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அதைத் திறந்துவைத்தார். அந்நகரின் செல்வம் எவருடைய வியர்வையால் சேர்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளை ஒருவர் அங்கே காசு கொடுக்காமல் ஏறி நின்று காற்று வாங்குவதை எவரும் சலுகையென்று சொல்லிவிட முடியாது.

கூரை மதுச்சாலைகளுக்கு நான் எதிரியல்லன். பெக்கம் பகுதியில் பல்மாடி வாகனத் தரிப்பிடமொன்றின் மேல்தளத்தில் 2009இல் தொடங்கிய 'பிராங்க்ஸ் கபே', கைவிடப்பட்ட கொங்கிறீற்றுத் தளத்தையும் மக்கள் விரும்பும் இடமாக்கலாம் எனக் காட்டியது. தென்கரையில் குயீன் எலிசபெத் அரங்கின் கூரையில் 2011இல் அமைந்த தோட்டத்தை உருவாக்கியோருள், வீடின்றித் தவித்தவர்களும் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களும் இருந்தனர். அங்கும் பானம் விற்கப்படுகின்றது. வணிகம் பக்கத்தில் இருப்பது குற்றமன்று. வாங்காதவருக்கு இருக்கை இல்லை என்ற நிலை வரும்போதே அது தோட்டம் என்ற பெயரை இழக்கின்றது.

துப்புரவுக்கும் பாதுகாப்புக்கும் மின்தூக்கிக்கும் யார் செலவிடுவது என உரிமையாளர் கேட்கலாம். ஆனால் உயர்ந்த கட்டடம் அயலவரின் வெயிலை மறைக்கின்றது. பிறர் பார்த்திருந்த வானத்தை எடுத்துக்கொள்கின்றது. எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது தானமாகாது.

இந்தப் பாடம் கொழும்புக்கும் உரியது. கடற்கரையோரம் எழுந்துள்ள கோபுரங்களின் உச்சிகள் பெரும்பாலும் விருந்தகங்களினதும் வசதிபடைத்த குடியிருப்பாளரினதும் வசமுள்ளன. 2022இல் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தில் ஏறவும் கட்டணம் உண்டு. கட்டட அனுமதி வழங்கும் நகர அபிவிருத்தி அதிகார சபை, இனி எழும் ஒவ்வோர் உயர்ந்த கட்டடத்திலும் முன்பதிவற்ற இலவசத் தளமொன்றை நிபந்தனையாக்கினால் அரசுக்கு ஒரு ரூபாயும் செலவாகாது. கட்டி முடிந்த பின்னர் கேட்பதில் பயனில்லை. வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்க வேண்டும்.