காலணாப் பத்திரிகையை யார் படித்தார்கள்?

தமிழ்நாட்டில் பத்திரிகை வழியாகச் சாதியை எதிர்த்த கதையைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் 1925 மே மாதத்தில், ஈரோட்டில் பெரியாரின் ‘குடிஅரசு’ அச்சேறிய இடத்தில் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ நடத்தினார், அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார் என்று ஒரு வரி கிடைக்கும். அந்த வரியோடு ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டே வரும்: எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்காக நடந்த பத்திரிகை, யார் படித்திருக்கப் போகிறார்கள்? தம் சாதிக்காரருக்குச் சலுகை கேட்டு வெள்ளைக்காரனிடம் மனுப் போட்ட காகிதம். போதாததற்குப் பௌத்தப் பிரசாரம் வேறு. ஆசிரியர் கண்ணை மூடியதும் அதுவும் கண்ணை மூடிவிட்டது. இந்தத் தீர்ப்பை மறுப்பதற்குக் ‘குடிஅரசை’க் குறைத்துப் பேச வேண்டிய தேவை எதுவும் இல்லை. இராயப்பேட்டையிலிருந்து வந்த அயோத்திதாசரின் அந்த நான்கு பக்கத் தாள் என்ன வேலை செய்தது என்று பார்த்தாலே போதும்.

படிப்பறிவுக் கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாக் குறைகளும் அதன் மேல்தான் நிற்கின்றன. 1907 ஜூன் 19, புதன்கிழமை, ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ் வெளிவந்தது. விலை ஒரு பைசா, அதாவது காலணா. விலையைத் தலைப்பிலேயே வைத்த பத்திரிகை அது. யார் வாங்கவேண்டும் என்று நினைத்து நடத்தினார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ‘எழுத்தறியாத மக்கள்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோமே, அந்த மக்களுக்குள்ளேதான் வைத்தியம் பார்த்தவர்களும் பஞ்சாங்கம் கணித்தவர்களும் ஓலைச்சுவடி காத்தவர்களும் இருந்தார்கள். அயோத்திதாசரே சித்த வைத்தியர். அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஒரு துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வைத்திருந்த திருக்குறள் ஏடு ஆங்கிலேய அதிகாரி எல்லீசின் கைக்குப் போய் அச்சுக்கு வந்தது என்பதை அயோத்திதாசர் தம் பத்திரிகையில் பதிந்துவைத்திருக்கிறார். பட்டாளம், ரயில்வே, துரைமார் வீடு, தங்கச் சுரங்கம் என்று போன புதிய வேலைகள் இன்னொரு படித்த கூட்டத்தையும் உண்டாக்கியிருந்தன. இவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அந்தக் காலத்தில் பத்திரிகை என்பது ஒருவர் தனியாக உட்கார்ந்து கண்ணால் படிக்கும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. பாரதம் வாசிக்கக் கேட்ட திண்ணையில், பெரிய எழுத்துக் கதை வாசிக்கக் கேட்ட தெருவில், ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பதே வழக்கம். படி ஒன்றுக்கு வாசகர் ஒருவர் என்று கணக்குப் போடுவது நம் காலத்து வழக்கத்தை அந்தக் காலத்தின் மேல் ஏற்றுவது.

இது வெறும் ஊகம் என்பவர்களுக்கு ‘பறையன்’ பதில் சொல்லும். சீனிவாசன் அதை 1893 அக்டோபரில் தொடங்கினார். முதல் இதழ் வந்த இரண்டே நாளில் சென்னையில் நானூறு படிகள் விற்றன என்று தம் தன்வரலாற்றில் அவர் குறித்திருக்கிறார். தொடங்கியவர் தம் பெருமையைச் சொல்கிறார் என்று அதைத் தள்ளிவிடலாம். 1896இல் அதில் வந்த ஒரு கடிதத்துக்காக அவதூறு வழக்குப் போடப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதை எப்படித் தள்ளுவது? யாரும் படிக்காத பத்திரிகை மேல் யாரும் நீதிமன்றம் ஏறுவதில்லை.

அயோத்திதாசரின் பத்திரிகையில் நான் இன்னும் முக்கியமாகக் கருதுவது விற்பனையை அல்ல. அதில் வாசகர்கள் கேள்வி கேட்டார்கள். ஆசிரியர் பதில் எழுதினார். ஒரு பண்டிகைக்கு என்ன பொருள், ஒரு சொல் எங்கிருந்து வந்தது, ஒரு சடங்கைச் செய்யலாமா கூடாதா என்று கோலார் தங்கவயலிலிருந்தும் கடல் கடந்தும் கடிதம் வந்தது. ஒரு வருஷம் கழித்து, 1908இல், பெயரிலிருந்த ‘ஒரு பைசா’ உதிர்ந்து வெறும் ‘தமிழன்’ ஆனதும் வாசகர் விருப்பத்தால்தான். தங்கவயலில் பாறைக்கடியில் இறங்கி வேலைசெய்த தொழிலாளிகளின் பணம் அந்தப் பத்திரிகையின் அச்சுக்கூடத்துக்குள் போயிருக்கிறது. கூலியில் மிச்சம் பிடித்து அச்சுக்கூடத்துக்குக் கொடுக்கிறவனை ‘எழுத்தறியாதவன், அவனுக்கெதற்குப் பத்திரிகை’ என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்தது, வெள்ளையர் துதி. இதில் உண்மையில்லாமல் இல்லை. ‘தமிழன்’ பிரிட்டிஷ் ஆட்சியை வாழ்த்தியது, சுதேசிக்காரர்களை வறுத்தெடுத்தது, 1911இல் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டபோது கொலையைக் கண்டித்தது. ஆனால் எடுத்த எடுப்பில் வெள்ளைக்காரனிடம் ஓடினார்கள் என்ற கதை காலவரிசையைப் பார்த்தால் நிற்காது. 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபைக் கூட்டம் நடந்தது. தேசத் தலைவர்களின் சபை அது. அயோத்திதாசர் நீலகிரிப் பிரதிநிதியாக அங்கே போய், சிவன் கோயிலுக்குள்ளும் விஷ்ணு கோயிலுக்குள்ளும் எங்களை ஏன் விடக்கூடாது என்று கேட்டார். சபையிலிருந்த சிவநாம சாஸ்திரி என்பவர் எழுந்து, உங்களுக்குத்தான் காட்டேரியும் மதுரைவீரனும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே என்றார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடமும் தரிசு நிலமும் கொடுக்க வழிசெய்யுங்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். முதலில் கேட்டது சுதேசிகளிடம். கேட்டதற்குக் கிடைத்த பதில் மதுரைவீரன். அதற்குப் பின் அவர் சுதேசியம் பேசியவர்களை எப்படிப் பார்த்திருப்பார் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: அந்த மண்டபத்தில் நடந்த உரையாடல் இன்று நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதே, பிற்காலத்தில் அவர் அதைத் தம் பத்திரிகையில் எழுதிவைத்ததால்தான். அப்படி ஒரு பத்திரிகை இல்லாதிருந்தால், சாஸ்திரி சொன்னது காற்றோடு போயிருக்கும்.

‘பறையன்’ எடுத்த மனுவும் அப்படியே. இந்தியச் சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் போலவே இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்தவேண்டும் என்று 1893இல் காமன்ஸ் சபை தீர்மானித்தது. காங்கிரசுக்கு அது வெற்றி. சீனிவாசன் எதிர்த்தார். அவர் தரப்பு வாதம் எளிமையானது: இங்கே நடக்கும் தேர்வில் தேறிக் கலெக்டராக வரப்போவது யார்? கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாத அதே வீட்டுப் பிள்ளைகள்தான். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீள மனு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது. அந்த நிலைப்பாடு சரியா என்று இன்று தாராளமாக வாதாடலாம். ஆனால் மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் சிவில் சர்வீஸ் தேர்வு என்றால் என்ன, அது நம்மை எப்படித் தொடும் என்று சொல்லிப் புரியவைக்காமல் அந்த 112 அடி நீண்டிருக்க முடியாது. சேரியில் அந்தப் பேச்சை நடத்தியது பத்திரிகை. துதிபாடிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. வாழ்த்து மடல் ஒன்று அச்சடித்தால் போதும்.

பௌத்தப் பிரசாரம் என்ற குறை எனக்கு விளங்கியதே இல்லை. மதத்தைப் பரப்புவது ஒன்று, சாதியை எதிர்ப்பது வேறொன்று என்று பிரித்துவைத்துக்கொண்டு பேசுகிறவர்கள், அந்தக் காலத்தில் சாதிக்குக் காவலாக நின்றது எது என்பதை மறந்துவிடுகிறார்கள். இன்று தாழ்த்தப்பட்டிருப்பவர்கள் ஒரு காலத்தில் பௌத்தர்கள், எதிர்த்து நின்றதால் இழிவு சுமத்தப்பட்டவர்கள் என்பது அயோத்திதாசரின் வாதம். அவர் எழுதிய ‘இந்திரர் தேச சரித்திரம்’ அந்த வாதத்தை வாரந்தோறும் தொடராக வளர்த்தது. தில்லைக்குப் போகத் தவித்த நந்தனை அவர் பௌத்த அரசனாக்கிக் காட்டினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் பல இன்றைய மொழியியலில் நிற்கமாட்டா. வரலாற்றாசிரியர்கள் அவருடைய நந்தனை ஏற்கமாட்டார்கள். ஏற்கட்டும், ஏற்காமல் போகட்டும். பிறவியிலேயே இழிந்தவன் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த காதில், இந்த இழிவுக்கு ஒரு தேதி உண்டு, செய்தவன் உண்டு, ஆகையால் நீக்கவும் முடியும் என்று புதன்கிழமைதோறும் சொன்ன குரல் அது. 1911 குடிக்கணக்கு வந்தபோது இந்தச் சரித்திரம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. கணக்கெடுப்பவர் வந்து மதம் எது, சாதி எது என்று கேட்டால், பௌத்தர் என்று பதிந்துகொள்ளுங்கள், ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்று சொல்லுங்கள் என்று ‘தமிழன்’ எழுதியது. சர்க்கார் குமாஸ்தாவின் பேனாவுக்கு முன்னால் நின்று ஒரு கூலியாள் தன் பெயருக்குப் பக்கத்தில் எதை எழுதவேண்டும் என்று தானே தீர்மானிப்பது. இதைப் பிரசாரம் என்றால், ஆம், பிரசாரம்தான்.

அற்பாயுள் என்ற குறைக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. ‘தமிழன்’ 1907 முதல் 1914இல் ஆசிரியர் மறையும் வரை ஏழு ஆண்டு நடந்தது. ‘பறையன்’ 1893 முதல் 1900 வரை நடந்தது. பாரதியின் ‘இந்தியா’ சென்னை, புதுச்சேரி இரண்டையும் சேர்த்தாலும் அத்தனை வருஷம் நடக்கவில்லை. அதை யாரும் தோற்ற பத்திரிகை என்று எழுதுவதில்லை. 1920களில் ‘தமிழன்’ தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரின் கையில் மறுபடி வெளிவந்தது. ‘குடிஅரசு’ வந்த காலத்தில் அதுவும் வந்துகொண்டிருந்தது.

சாதிப் பத்திரிகை என்ற குறையில் மட்டும் நான் பாதி ஒத்துப்போகிறேன். துப்புரவு வேலை செய்தவர்களையும் சில பழங்குடிகளையும் தம்மவரிடமிருந்து பிரித்துக் கீழே வைத்து அயோத்திதாசர் எழுதிய இடங்கள் உண்டு. அவற்றை மூடிமறைப்பது அவருக்கு மரியாதை ஆகாது. ஆனால் தம் பத்திரிகைக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள். அவருடைய மைத்துனர் சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே கொடியாகத் தூக்கிப் ‘பறையன்’ என்று வைத்தார். இவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. தமிழன் என்று வைத்தார். தமிழன் என்றால் சாதியில்லாதவன் என்று பொருள் சொன்னார். ஒரே குடும்பத்துக்குள் நடந்த இந்தப் பெயர்ச் சண்டையில் பின்னால் வந்த அரசியலின் பாதி விவாதம் அடங்கியிருக்கிறது. அந்தப் பெயரோடு வந்ததை ஒரு சாதிக்குள் அடைத்தது அவர் அல்லர், நாம்.

இவ்வளவும் எப்படி ஒரு வரியாய்ச் சுருங்கியது என்றால், தாள்களை நெடுங்காலம் யாரும் தேடவில்லை என்பதுதான் பதில். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வைத்திருந்தார்கள். ஆனாலும் ஞான அலாய்சியஸ் தொகுத்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர 1999 ஆயிற்று. 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடி ஜெ. பாலசுப்பிரமணியம் தனி நூலே எழுதியிருக்கிறார்; அவற்றில் முதலில் வந்ததாகச் சொல்லப்படும் ‘சூரியோதயம்’ பெயரளவில்தான் மிஞ்சியிருக்கிறது. பெரம்பூரிலோ இராயப்பேட்டையிலோ தங்கவயலிலோ தாத்தா காலத்துப் பெட்டி இன்னும் பரணில் இருக்கும் வீடுகள் உண்டு. அதற்குள் பழுப்பேறிய நான்கு பக்கத் தாள் ஏதாவது கிடைத்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.