பிராக் நகரின் கோடை

கோடை பிறந்ததும் ஐரோப்பிய நகரங்களைக் காணப் புறப்படுவோர் அநேகர். நம் தேசத்தவரும் இதில் பின்தங்கியவர்களல்லர். செக் தேசத்தின் தலைநகராகிய பிராக், யாத்ரீகர்கள் திரளாகக் கூடும் நகரங்களில் ஒன்று. வில்தாவா நதியின்மீது நான்காம் சார்லஸ் மன்னர் 1357ல் அஸ்திவாரமிட்ட கற்பாலம், குன்றின்மேல் விளங்கும் கோட்டை, 1410 முதல் விளங்கிவரும் வானியல் கடிகாரம் ஆகியவற்றைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு, மறுநாளே வேறு ஊருக்குப் பறந்துவிடுவோர் பலர். இது ஒரு நகரைக் கண்டதாகுமா? ஆகாதென்பதே நமது அபிப்பிராயம்.

பிராக் நகரின் கோடைக்குத் தனிச் சரித்திரமுண்டு. கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்போர் சற்றுக் கீழேயும் நோக்குவாராக! அதனருகே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1620ல் வெள்ளை மலைப் போரில் தோல்வியுற்றபின், 1621 ஜூன் 21ல் தலைவர்கள் 27 பேர் அச்சதுக்கத்தில் கொல்லப்பட்டனர். அதன்பின் அதிகாரத்தின் வாயில் ஜெர்மன் பாஷை ஏறிற்று. செக் பாஷை நாளடைவில் பெரும்பாலும் குடியானவர் பேச்சாக ஒடுங்கிற்று. அதே சதுக்கத்தில் யான் ஹஸ் என்பாரின் சிலையும் உண்டு. ஜனங்களுக்கு அவர்தம் பாஷையிலேயே உபதேசித்த அப்பெரியார், 1415 ஜூலை 6ல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அந்நாள் இன்று செக் தேசத்தில் விடுமுறை நாள்.

ஒடுங்கிய பாஷை மீண்டெழுந்ததெவ்வாறு? நதிக்கரையிலுள்ள தேசிய நாடகசாலை விடை பகரும். செக் மொழி நாடகங்களுக்கென ஜனங்கள் காசு சேர்த்துக் கட்டிய அம்மாளிகை 1881 ஜூனில் திறக்கப்பட்டது. ஆகஸ்டு 12ல் தீக்கிரையாயிற்று. ஜனங்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 47 நாட்களில் சுமார் பத்து லட்சம் கில்டர் திரட்டினர். 1883 நவம்பரில் நாடகசாலை மீண்டும் திறக்கப்பட்டது. 'தேசம் தனக்கே' என்னும் பொருளுடைய வாசகம் அதன் மேடைக்குமேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. மன்னர் கட்டிய கோட்டையிலும் மக்கள் கட்டிய இம்மண்டபமே உயர்ந்ததென்போம்.

1968 ஆகஸ்டிலோ, சோவியத் யூனியனும் அதன் நேச தேசங்களும் அனுப்பிய டாங்கிகள் இவ்வீதிகளில் புகுந்தன. 1969 ஜனவரியில் யான் பலாக் என்னும் மாணவர் வென்ஸெஸ்லாஸ் சதுக்கத்தில் தம் உடலுக்குத் தீயிட்டு மாண்டார். 1989 நவம்பரில் ஜனங்கள் ஆயுதமின்றியே அந்த ஆட்சியை வீழ்த்தினர். 1991 ஜூனில் அந்நியப் படைகள் முற்றும் வெளியேறின. தமிழர்க்கும் இதில் ஒரு பந்தமுண்டு. பிராக் நகரில் தமிழ் ஆராய்ந்த கமில் ஸ்வெலபில், அப்படையெடுப்பின் விளைவாகத் தாய்நாட்டைத் துறந்து அந்நிய தேசங்களில் வாழ நேர்ந்தவர்.

"ஓய்வுக்காகச் செல்பவனுக்குத் துயரச் சரித்திரம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஓய்வை நாம் வெறுக்கவில்லை. ஆனால் விருந்தினனுக்கும் சந்தைக்கு வந்தவனுக்கும் வித்தியாசமில்லையா? சந்தைக்கு வந்தவன் தன் காசுக்குச் சரக்குக் கிடைத்ததா என்று மட்டுமே பார்ப்பான். வீட்டாரின் சுகதுக்கத்தை விசாரிப்பவனே விருந்தினன். யாத்ரீகரின் வசதியையே கருதி வீடுகளெல்லாம் விடுதிகளாகவும், கடைகளெல்லாம் பொம்மைக் கடைகளாகவும் மாறினால், 27 சிலுவைகளின் கதையைச் சொல்ல அச்சதுக்கத்தருகே குடியிருப்போர் எவர் மிஞ்சுவர்? பாஷைக்காகவும் சுதந்திரத்துக்காகவும் இவ்வளவு கொடுத்த ஜனங்கள் தம் நகரிலேயே வேடிக்கைப் பொருளாவது தகுமா?

ஆகவே, பிராக் செல்லும் அன்பர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்குக. சிலுவைகளை எண்ணிப் பார்க்குக. நாடகசாலையின் முன் சற்று நிற்குக. பிறர் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலையை உணர்ந்தவனே தன் சுதந்திரத்தின் மதிப்பையும் அறிவான்.