எஞ்சிய முக்கால் பங்கு

ஆசிரியர் கூறுவதை எத்துணைக் கருத்துடன் கேட்டாலும் மாணவருக்குப் புலமையில் கால் பங்கே கைகூடும் என்கிறது நன்னூல். மற்றொரு கால் பங்கு உடன்பயில்வோருடன் பழகுவதால் வரும். எஞ்சிய பாதி, கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வரும். பவணந்தி முனிவரின் இந்நூற்பாக்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் வகுப்புகள் பல. அவ்வகுப்புகளிலேயே முதற் கால் பங்கு முடிந்தவுடன் மணி அடித்துவிடுகிறது என்பதுதான் வியப்பு.

கணக்கைத் தனியே அமர்ந்து போட்டுப் பார்க்கலாம். மொழி அத்தகையதன்று, சொல்வோர்க்குக் கேட்போர் வேண்டும். கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலைப் பகுதியில் மலையும் சமவெளியும் சந்திக்கின்றன. மேலே வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். (இப்பெயர் மலைவாழ்வோரைக் குறிப்பது, கேரளத்தைச் சுட்டுவதன்று.) அவர்கள் பேசும் தமிழுக்கும் துறையூர்ப் பக்கத்துத் தமிழுக்கும் வேறுபாடு உண்டு. இவ்விரு பேச்சும் ஒரே வகுப்பறையில் அமரும்போது, மலையிலிருந்து வந்த மாணவர் தம் பேச்சைப் பிழையெனக் கருதி வாய்மூடிவிடக்கூடும். அதே மாணவரை நால்வர் குழுவில் அமர்த்தி, வேளாண்மைச் சொற்களைத் தொகுக்கச் செய்தால் நிலை மாறும். நெல்வயலின் சொற்களை மற்றவர் தருவர். சாமைக்கும் தினைக்கும் உரிய சொற்களுக்கு அவரையே கேட்டாக வேண்டும்.

நால்வரைச் சேர்த்து அமர்த்துவதாலேயே குழு உருவாகிவிடாது. ஒருவர் எழுத, ஒருவர் ஏவ, இருவர் சன்னலைப் பார்த்திருக்கும் காட்சி எந்தப் பள்ளிக்கும் புதிதன்று. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டதும் வகுப்புகளில் பகைமை மூண்டது. 1971இல் உளவியலறிஞர் எலியட் ஆரன்சன் அங்கு ஒரு வழி கண்டார். பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியை மட்டும் அளித்தார். தடுமாறிப் பேசியவரை மற்றவர் முதலில் எள்ளினர். அவரிடம் உள்ள பகுதி வேறெவரிடமும் இல்லை என்பது புரிந்ததும் பொறுமையுடன் வினவத் தொடங்கினர். அறிவுரையால் வந்த பொறுமையன்று அது, தேவையால் வந்தது.

நன்கு படிப்போர் இதனால் பின்தங்குவர் என்பாரும் உளர். எடுத்துரைப்போர்க்கே பாதிப் பங்கு என்ற நன்னூலின் கணக்கு அவர்களுக்கு விடையாகும். இரைச்சல் பற்றிய குறைக்கு அத்தகைய விடை இல்லை. பேச்சைக் கற்பிக்கும் இடத்தில் சிறிது இரைச்சல் இருந்தே தீரும். நண்பர்களே ஒன்றுகூடி அமையும் குழுவை மட்டும் தவிர்ப்பது நன்று; அங்கே கேட்டறியப் புதிதாக ஒன்றும் இராது. குழுவின் சார்பில் பேசுபவரைச் சீட்டுக் குலுக்கி, பணி முடிந்த பின்னரே தேர்ந்தெடுக்க வேண்டும். எவர் பெயரும் வரலாம் என்றால், பேசத் தயங்குபவரையும் ஆயத்தப்படுத்தும் பொறுப்பு மற்ற மூவரையும் சேரும்.